பின்லாந்து மக்கள் நிஜமாகவே அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்களா?

கேள்வி: மீனா
ஒவ்வொரு மார்ச்சிலும் உலக மகிழ்ச்சி அறிக்கை வரும், பின்லாந்து முதலிடம் என்பார்கள். 2018 முதல் 2025 வரை எட்டு முறையும் அதே நாடுதான். நீண்ட குளிர்காலம், சீக்கிரமே இருட்டிவிடும் பகல், அதிகம் பேசாத மனிதர்கள் என்றுதான் அந்த நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். சிரித்த முகம் என்றால் எனக்கு லத்தீன் அமெரிக்காதான் நினைவுக்கு வரும். அப்படியானால் எதை வைத்து இந்த வரிசையைப் போடுகிறார்கள்?

பதில்: செல்வம்
வருமானம், ஆரோக்கியமான ஆயுள், ஆபத்துக்கு உதவ ஆள், சுதந்திரம், தாராள குணம், ஊழல் என்று ஆறு அம்சங்கள். அவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். பணக்கார நாடு மேலே வரத்தானே செய்யும்.

பதில்: கௌரி
செல்வம் சார், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் வரிசை அந்த ஆறையும் கூட்டிப் போடுவதில்லை. நான் ஒன்பது வருடம் வீடு வீடாகப் போய்க் கருத்துக்கணிப்பு எடுத்தவள். கேலப் நிறுவனம் உலகம் முழுக்கக் கேட்கும் அந்த ஏணிக் கேள்வி எங்கள் படிவத்திலும் இருந்தது. ஓர் ஏணி, அடியில் 0, உச்சியில் 10. உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை உச்சியில், மிக மோசமானது அடியில். இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 1000 பேரிடம் இதைக் கேட்டு, மூன்று ஆண்டுச் சராசரி எடுத்தால் அதுதான் வரிசை. ஏன் இந்த ஏற்றத்தாழ்வு என்று பிறகு விளக்கத்தான் அந்த ஆறு அம்சங்களும்.

தையல் வேலை செய்யும் ஒரு பாட்டியிடம் கேட்டேன். மிஷினை நிறுத்திவிட்டு, சாக்பீஸால் துணி ஓரத்தில் பத்துக் கோடு போட்டார். இரண்டாவது கோட்டைத் தொட்டு, "என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் இங்கே இருந்தேன்" என்றார். விரல் மெதுவாக மேலேறி ஏழில் நின்றது. முகத்தில் சிரிப்பே இல்லை, ஆனால் அந்த ஏழு உறுதியான ஏழு. கஷ்டம் வந்தால் உதவ ஆள் உண்டா என்று நான் கேட்டு முடிக்கும் முன்பே நான்கு பெயர் சொன்னார். அன்றைக்கே இன்னொரு வீடு, நல்ல வசதி. அதே கேள்விக்கு அந்த மனிதர், "திரும்பச் சொல்லுங்கள்" என்றார். அப்புறமும் பதில் வரவில்லை. ஏணியில் அவர் சொன்னது நான்கு.

பணம் முக்கியமில்லை என்று சொல்லமாட்டேன். போரும் வறுமையும் சூழ்ந்த ஆப்கானிஸ்தான்தான் 2025 பட்டியலில் கடைசி. ஆனால் அதே பட்டியலில் கோஸ்டாரிகா 6-ஆம் இடம், மெக்சிகோ 10-ஆம் இடம். அவர்களைவிடப் பல மடங்கு வருமானம் உள்ள அமெரிக்கா 24-ஆம் இடம். அங்கே 2023 கணக்கில் நான்கில் ஒருவர் முந்தைய நாள் எல்லா வேளையும் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறார். எனக்கு மனம் கனத்தது இந்த இடத்தில்தான்.

சிரிப்பு தனிக் கணக்கு, மீனா. நேற்று நன்றாகச் சிரித்தீர்களா என்று கேலப் வேறொரு கேள்வியும் கேட்கிறது. அப்படி நேற்றைய நாளைப் பற்றிக் கேட்பதில் லத்தீன் அமெரிக்க நாடான பராகுவே பல ஆண்டுகள் முன்னணியில் இருந்தது. நீங்கள் நினைத்தது சரிதான், அது ஏணியில் தெரியாது, அவ்வளவே.

பதில்: ரஃபீக்
சக மனிதர் மீதுள்ள நம்பிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை, யாரோ தொலைத்ததைக் கண்டெடுத்ததாகச் சொல்லி வரவேற்பு ஊழியர்களிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. பணம் இருந்த பர்ஸ்தான் உரியவருக்குக் கூடுதலாகத் திரும்பி வந்தது. தொலைந்தது திரும்பி வரும் என்று மக்கள் எதிர்பார்ப்பதைவிட உண்மையில் திரும்புவது அதிகம் என்று 2025 அறிக்கையும் சொல்கிறது. பக்கத்து மனிதரை நாம் அநியாயமாகக் குறைத்து எடைபோடுகிறோம்.

பதில்: மீனா
நன்றி கௌரி அக்கா. இன்றிரவு அப்பாவிடம் ஏணிக் கேள்வியைக் கேட்கப்போகிறேன்.

பதில்: கௌரி
கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். அவசரப்படுத்தினால் 5 என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.