கணக்கா, வீணையா? மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?

வேளச்சேரி அம்மா:
மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கணக்கு என்றால் அவளுக்கு உயிர். ஒன்பது வருடமாக மயிலாப்பூரில் ஒரு டீச்சரிடம் வீணையும் கற்றுக்கொள்கிறாள். அவள் அப்பா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியைச் சொல்கிறார். அவளோ ராணி மேரி கல்லூரியில் பி.ஏ. இசை சேரட்டுமா என்கிறாள். எதுவும் விட்டுப்போகாமல் படிக்க என்ன வழி?

தம்பூரா:
பொறியியலே சரி மேடம். கர்நாடக இசைப் பாடகர் சஞ்சய் சுப்ரமண்யன் சி.ஏ. முடித்தவர், பாட்டு நின்றுவிட்டதா? சம்பளம் வரும் படிப்பு கையில் இருந்தால், வாய்ப்புக்காக ஏங்காமல் நிம்மதியாக வாசிக்கலாம். கல்லூரியில் மியூசிக் கிளப்பும் இருக்கும்.

முன்னாள் மாணவி:
அண்ணா, கிளப்பில் கல்சுரல்ஸுக்கு சினிமாப் பாட்டுதான் தயாராகும். நானும் வீணைக்காரிதான், பொறியியல் படித்தேன். கல்லூரி பஸ் காலை 6.10க்கு, வீடு திரும்ப மாலை 6.30. முதல் வருடம் தினமும் ஒரு மணி நேரம் சாதகம் (வீணைப் பயிற்சி) செய்தேன். மூன்றாம் வருடம் ஞாயிறு மட்டும். விரல் நுனியில் இருந்த காய்ப்பே போய்விட்டது. அதைப் பார்த்து அழுதிருக்கிறேன். மேடம், அவளை இசையிலேயே சேருங்கள். லட்சணம் (இசை இலக்கணம்), இசை வரலாறு எல்லாம் முறையாக வரும். அப்புறம் எம்.ஏ., கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான நெட் தேர்வு என்று போகலாம்.

தம்பூரா:
கணக்கு உயிர் என்கிறார்களே, அதை என்ன செய்வது? உங்களுக்கு நேர்ந்தது வருத்தம்தான். ஆனால் அந்த ஏக்கத்தை இந்தப் பெண்ணின் மேல் ஏற்றாதீர்கள்.

மந்தைவெளி வாத்தியார்:
இருவரும் பட்டத்தின் பெயரையே பார்க்கிறீர்கள். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். வீணை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிற வாத்தியம் இல்லை. வெயிலில் வைத்தால் உலோக மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகிவிடும். அதனால் வீட்டில் எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்பதுதான் கேள்வி. ராணி மேரியில் பி.எஸ்சி. கணிதம் இருக்கிறதே! வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் ஏறினால் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கினால் கல்லூரி, திரும்பும் வழியில் மயிலாப்பூரின் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் டீச்சர் வீடு. 1914இல் தொடங்கிய அரசுக் கல்லூரி, கட்டணமும் குறைவு. இசைத் துறை அதே வளாகத்தில். கணித மாணவி அங்கே ஏதாவது ஒரு தாள் எடுக்க முடியுமா என்று நேரில் கேளுங்கள்.

தம்பூரா:
வெறும் பி.எஸ்சி.க்கு என்ன வேலை கிடைக்கும் சார்?

மந்தைவெளி வாத்தியார்:
ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இலேயே அனுமதித்துவிட்டது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பைக் கூடவே எடுக்கலாம். ஆனால் முதல் வருடமே வேண்டாம். அந்த வருடம் வீணைக்கு.

முன்னாள் மாணவி:
இதை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை சார்.

வேளச்சேரி அம்மா:
அவள் அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். திங்கட்கிழமை காலை எட்டு மணி ரயிலில் மூவரும் போய்ப் பார்க்கிறோம்.