தாப்பா மலைச்சாலைக்கு எந்த பிரேக் டிஸ்க்: துளையிட்டதா, சாதாரணமா?

செம்பனைக்காட்டான்:
வணக்கம். மலேசியாவில் கேமரன் மலைக்கு ஏறும் சாலை தொடங்கும் தாப்பாவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறேன். என் கார் ஹோண்டா சிவிக் டைப் ஆர் எஃப்டி2. முன்பக்கம் 320 மில்லிமீட்டர் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு), அதை அழுத்திப் பிடிக்கும் பிரெம்போ காலிப்பரும் உள்ளன. மலைமேல் தானா ராத்தாவில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, ரிங்லெட்டைத் தாண்டி இறங்கும் வளைவுகளில் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. டிஸ்க் கோணிவிட்டது என்றும், துளையிட்ட டிஸ்க் போட்டால் சூடேறாது என்றும் பட்டறையில் சொல்கிறார்கள். அது சரிதானா?

பழைய பட்டறைக்காரன்:
தம்பி, அவசரப்பட்டு வாங்காதீர்கள். கோணல் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் கோணலே அல்ல. அதிகச் சூட்டில், டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேட்டின் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டுவதாலோ, டிஸ்க் மாட்டும் மையப் பகுதியான ஹப்பின் முகத்தில் படிந்த துரு டிஸ்க்கைச் சற்றே சாய்த்துவிடுவதாலோ தடிமன் இடத்துக்கு இடம் மாறி, அதுவே நடுக்கமாகக் கைக்கு வருகிறது. துருவைச் சுரண்டாமல் மாட்டினால் எந்த டிஸ்க்கிலும் நடுக்கம் திரும்பி வரும். தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரால் டிஸ்க்கைச் சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்து, டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிடுங்கள்.

துளைகளைப் பொறுத்தவரை, பழைய காலப் பேட்டுகள் சூட்டில் கக்கிய வாயுவை வெளியேற்றவே அவை வந்தன. இன்றைய பேட்டுகளில் அந்தத் தொல்லை குறைவு. நீண்ட இறக்கத்தில் சூட்டைத் தாங்குவது இரும்பின் கனம். துளையிட்டால் அந்தக் கனம் குறைகிறது, விரிசலும் துளை விளிம்பில்தான் தொடங்குகிறது. ஒரு துளையிலிருந்து அடுத்த துளை வரை மயிரிழையாக ஓடி, நகம் தடுக்கும் அளவுக்கு ஆழ்ந்திருந்த விரிசலை என் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் காருக்கு அசல் அளவிலேயே நல்ல தயாரிப்பாளரின் சாதாரண டிஸ்க்கை இரு பக்கத்துக்கும் ஜோடியாக வாங்குங்கள்.

மலையிறங்கி:
பிரேக் ஆயிலையும் பாருங்கள். டாட் 4 என்ற தரத்து ஆயிலுக்குப் புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155 தான். நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். இறக்கத்தில் இரண்டாம், மூன்றாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும்.

செம்பனைக்காட்டான்:
மிக்க நன்றி அண்ணா. இன்று சக்கரத்தைக் கழற்றினோம். இடப்பக்க ஹப்பில் துரு செதில் செதிலாக இருந்தது. டிஸ்க்கும் குறைந்தபட்சத் தடிமனை எட்டிவிட்டதால், சாதாரண டிஸ்க்கும் புதுப் பேட்டும் சொல்லிவிட்டேன். மாட்டியவுடன் மலையேறலாமா?

பழைய பட்டறைக்காரன்:
வேண்டாம். புதுப் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, முதலில் ஆளில்லாத நேர்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை குறைத்து, பிறகு பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றால் மறுபடியும் திட்டு ஒட்டும்.