மேட்ரிக்ஸ் ஸ்விட்ச்சர் லேப்டாப்புக்குப் பதிலே சொல்ல மாட்டேங்குது

பாலக்கோடு_சவுண்ட்:
எங்க ஊர் கல்யாண மண்டபத்துக்காக பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல செகண்ட்ஹேண்டா ஒரு எக்ஸ்ட்ரான் கம்பெனி 8-க்கு 8 மேட்ரிக்ஸ் (8 இன்புட்ல எதையும் 8 அவுட்புட்ல எதுக்கும் மாத்தி விடுற பெட்டி) எடுத்தேன். முன்பக்க பட்டனை அமுக்கினா கேமரா, லேப்டாப் எல்லாம் எல்இடி சுவருக்கு நல்லா மாறுது. லேப்டாப்லேருந்து சீரியல் கேபிள் (9 பின் கண்ட்ரோல் கேபிள்) வழியா எதை அனுப்பினாலும், கமாண்ட் அடிக்கிற புட்டி சாஃப்ட்வேர் ஸ்கிரீன் வெறுமையாவே இருக்கு. யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் லேப்டாப்ல காம்3 போர்ட்டுன்னு காட்டுது, மஞ்சள் குறி இல்ல. 9600-லேருந்து 115200 வரைக்கும் எல்லா வேகமும் மாத்தியாச்சு. நெட்வொர்க் கேபிள் போட்டா லைட் எரியுது, ஆனா பிங் (பெட்டி பதில் சொல்லுதான்னு பார்க்கிற டெஸ்ட்) போகல. லேப்டாப் ஐபி 169.254-ல ஆரம்பிக்குது. போர்டு போயிடுச்சா? வெள்ளிக்கிழமை முகூர்த்தம் வேற.

ஓசூர்_ஏவி:
போர்டு மேல பழி போடாதீங்க தம்பி. வேகத்தை 9600-லயே விட்டுட்டு, புட்டி திறந்திருக்கும்போது பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. எழும்போதே தானா ஒரு காப்பிரைட் வரி அனுப்பும். வேகம் தப்புன்னா அது குப்பை எழுத்தா விழும். ஒன்னுமே விழலைன்னா கம்பியைத்தான் பார்க்கணும்.

கேபிளைக் கழட்டி, கன்வெர்ட்டர் முனையில 2-ம் பின், 3-ம் பின் ரெண்டையும் ஒரு ஜெம் கிளிப்பால சேர்த்துப் பிடிங்க. அடிச்ச எழுத்து ஸ்கிரீன்ல திரும்பி வந்தா லேப்டாப் பக்கம் சுத்தம். புட்டி செட்டிங்ல ஃப்ளோ கண்ட்ரோல் (அனுப்புறதை நிறுத்தி விடுற கட்டுப்பாடு) ஆஃப்ல இருக்கணும்.

அடுத்து பெட்டியோட சீரியல் சாக்கெட்ல மீட்டர் வைங்க. கறுப்பு புரோப் 5-ம் பின்ல, சிவப்பு 2-லயும் 3-லயும். சும்மா இருக்கும்போது அனுப்புற பின்ல மைனஸ் வோல்ட் நிக்கும், மத்ததுல கிட்டத்தட்ட பூஜ்யம். உங்க பெட்டியில அந்த அனுப்புற பின் 2. கேபிளை லேப்டாப்ல செருகி மறுமுனையில பாருங்க, அங்க 3-ல மைனஸ் வரணும். அங்கயும் 2-லன்னா, கடைக்காரர் உங்களுக்குக் கிராஸ் கேபிளைக் (2-ம் 3-ம் பின் உள்ளுக்குள்ள மாத்திப் போட்டது) கொடுத்திருக்கார். ரெண்டு பேரும் ஒரே கம்பியில பேசுறாங்க, கேக்க ஆள் இல்ல. நேர் கேபிள் வாங்குங்க.

169.254-ன்னா ஐபி கொடுக்க யாரும் இல்லாம லேப்டாப் தானா வச்சுக்கிட்ட நம்பர். பெட்டியோட பேக்டரி ஐபி 192.168.254.254. லேப்டாப்புக்குக் கையால 192.168.254.10, மாஸ்க் 255.255.255.0 போட்டு, வைஃபையை அணைச்சுட்டு பிங் பண்ணுங்க. பழைய ஓனர் மாத்தியிருந்தா கிடைக்காது. அப்போ சீரியல் வந்ததும் பெட்டிகிட்டயே கேட்டுக்கலாம்.

காவேரிப்பட்டணம்_எல்இடி:
ஆபீஸ் ரூம்லேருந்து மேடைக்கு இழுக்கறதா இருந்தா நெட்வொர்க் கேபிளாவே இழுங்க, 100 மீட்டர் வரைக்கும் கவலை இல்ல. சீரியலை 15 மீட்டருக்கு மேல நான் நம்பமாட்டேன். எதை இழுத்தாலும் ஜெனரேட்டர் லைன் போற பைப்புல விடாதீங்க. மண்டபத்து எலக்ட்ரீஷியன் அதுலதான் சொருகப் பார்ப்பார்.

பாலக்கோடு_சவுண்ட்:
அண்ணா, ரெண்டு முனையிலயும் 2-லதான் மைனஸ்! தர்மபுரி பஸ் ஸ்டாண்டு கிட்ட நேர் கேபிள் கிடைச்சுது. என்னமோ அடிச்சேன், இ10-ன்னு வந்துச்சு. எர்ரர்தானே அது?

ஓசூர்_ஏவி:
நல்ல எர்ரர் தம்பி. "நீ சொன்னது புரியல"ன்னு அர்த்தம், அப்படின்னா காதும் வாயும் வேலை செய்யுது. 3*1! அடிங்க, 3-ம் இன்புட் 1-ம் அவுட்புட்டுக்குப் போகும். என்டர் வேண்டாம்.

பாலக்கோடு_சவுண்ட்:
மாறிடுச்சு! பிங்கும் போகுது. ஆனா டெல்நெட்ல (நெட்வொர்க் வழியா கமாண்ட் அடிக்கிற முறை) கொஞ்ச நேரம் சும்மா விட்டா தானா கட் ஆகுது.

ஓசூர்_ஏவி:
5 நிமிஷம் பேச்சே இல்லைன்னா அதுவே லைனை மூடிடும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா பெரிய கியூ எழுத்து ஒன்னை அனுப்பச் சொல்லுங்க, வெர்ஷன் நம்பரைத் திருப்பி அனுப்பிட்டு லைனை விடாது.