நாயின் மூக்கை நம்பி ஒரு காட்டு நடை

நார்வேயிலிருந்து:

நாயோடு காட்டுக்குப் போவது என்றால் நாய் முன்னால் பாய்ந்து ஓடும், குரைக்கும், நாம் பின்னாலேயே கத்திக்கொண்டு போவோம் என்றுதான் பலரும் நினைப்போம். எல்க் வேட்டைக்குக் கயிற்றில் பழக்கிய நாயோடு ஒரு காலை நடந்து பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு சத்தம் இருக்காது.

எல்க் என்பது அமெரிக்காவில் மூஸ் என்று சொல்லும் அதே ராட்சத மான். நன்றாக வளர்ந்த ஆண் 500 கிலோ வரை போகும். அதைத் தேடிப் போகிற சாம்பல் நிற எல்க் நாய் 20 கிலோ சொச்சம்தான். விறைத்த காது, முதுகின்மேல் சுருண்ட வால், அடர்த்தியான ரோமம். இந்த நாய்களை இரண்டு விதமாகப் பழக்குகிறார்கள். ஒன்று, அவிழ்த்துவிடுவது. நாய் தனியாகப் போய் எல்க்கைக் கண்டுபிடித்து, அது நகராதபடி எதிரே நின்று குரைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தை வைத்து வேட்டைக்காரர் வந்து சேர்வார். இன்னொன்று கயிற்றிலேயே வைத்துக்கொள்வது. நீளமான கயிற்றின் ஒரு முனை நாயின் மார்புப் பட்டையில், மறுமுனை ஆளின் இடுப்பில். இந்த நாய் வாயையே திறக்கக் கூடாது. என் மனதுக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வகைதான்.

ஸ்வீடன் எல்லையை ஒட்டிய ஃபின்ஸ்கூகன் காட்டுக்கு, பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் நாயைப் பயிற்சிக்கு அழைத்துப் போவார். வேட்டைக் காலம் தொடங்கும் முன் என்பதால் துப்பாக்கி கிடையாது. நானும் கூடப் போவேன். சரசரக்கும் மழைக்கோட்டு கூடாது, கம்பளிச் சட்டைதான். பேச்சு கிடையாது, கைச்சைகைதான். அவர் சட்டைப் பையில் வெள்ளைப் பொடி அடைத்த சின்னக் குப்பி ஒன்று இருக்கும். அதை ஓர் அமுக்கு அமுக்கி, பொடி எந்தப் பக்கம் மிதந்து போகிறது என்று பார்ப்பார். விடிகாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே போகும். அதனால் காலையில் அடிவாரத்தில் தொடங்கி மேலே ஏறுவோம். எங்கள் வாடை எல்க்குக்குப் போகாது, எல்க்கின் வாடை நாய்க்கு வரும்.

நான் மரங்களைப் பார்ப்பேன், பெரியவர் நாயை மட்டும் பார்ப்பார். நாயின் காதும் கழுத்தும்தான் அவருக்குச் செய்தித்தாள். ஒரு தடவை சதுப்பின் ஓரத்தில் அது தலையை உயர்த்தி, மூக்கை இடவலமாக மெல்ல ஆட்டியது. நாசித் துவாரங்கள் விரிந்து விரிந்து சுருங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கயிறு விறைத்தது. பத்தடி தள்ளிப் பாசியில் ஒரு குளம்புத் தடம், இரண்டாகப் பிளந்து, என் உள்ளங்கை நீளத்தைத் தாண்டி. தடத்துக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. பெரியவர் விரலால் அதைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். இப்போதுதான் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு அடி அடியாகத்தான் நகர்ந்தோம். ப்ளூபெர்ரிச் செடிகள் நசுங்கிக் கிடந்த இடத்தில் கையை வைத்தேன், சூடு இருந்தது. நாய் நடுங்கியது, ஆனால் ஒரு முனகல்கூட இல்லை. ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறக் கால்கள் நான்கு தெரிந்தன. அப்புறம்தான் மேலே உடம்பு இருப்பது கண்ணுக்குப் பிடிபட்டது. பெண் எல்க், பின்னால் செம்பழுப்புக் கன்று. தாயின் காதுகள் தனித்தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. எங்களைக் கண்டதா இல்லையா தெரியாது, பதறவில்லை. ஆஸ்பென் இலையை உருவித் தின்றுவிட்டுக் கன்றோடு உள்ளே போய்விட்டது. பெரியவர் குனிந்து நாயின் மார்பைத் தடவிக் கொடுத்தார். வந்த வழியே திரும்பிவிட்டோம், துரத்தவில்லை.

வேட்டை என்றாலே எனக்கு முன்பு ஒரு விலக்கம் இருந்தது. இங்கே எல்க் வேட்டைக்குப் போகும் குழு எதுவானாலும், காயம்பட்ட விலங்கைத் தேடிக் கண்டுபிடிக்கப் பரீட்சையில் தேறிய மோப்ப நாய் கிடைக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும், அது சட்டம். குளிர்கால இரவில் காரில் அடிபட்டு எல்க் காட்டுக்குள் ஓடிவிட்டாலும் உள்ளாட்சியின் ஆட்கள் இப்படிப்பட்ட நாயோடு வந்துதான் தேடுவார்கள். காயத்தோடு ஒரு உயிரைக் காட்டில் விட்டுவிடக் கூடாது என்று சட்டம் போட்ட ஊர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

கோவில்பட்டியிலிருந்து:

அண்ணா, படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் இதற்கு நேர் எதிர். மூக்கைவிடக் கண்ணைத்தான் நம்பும். முயல் எழுந்த நொடியில் பாய்ந்துவிடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இப்போது முயல் அடிப்பது குற்றம், அடிக்கவும் கூடாது. எங்கள் கன்னியை விடியலில் கயிற்றோடுதான் கூட்டிப்போவேன். போன தை மாதம் உளுந்து அறுத்த கரிசலில் திடீரென்று சிலையாக நின்றுவிட்டது. அது பார்த்த திசையில் நானும் பார்க்கிறேன், மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மண்கட்டி எழுந்து வரப்பில் நடந்தது. நரி! கயிற்றை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. உங்கள் நாய்போல அமைதியாக நிற்பது இதன் ரத்தத்தில் இல்லை, ஆனால் அந்தக் கண் இல்லையென்றால் நான் நரியைப் பார்த்திருக்கவே மாட்டேன். ஒரு சந்தேகம்: வெளியூர்க்காரர்கள் அந்தக் காட்டுக்குள் போகலாமா?

ஸ்காட்லாந்திலிருந்து:

இங்கே நாயின் வேலை கணக்கெடுப்பு. கேப்பர்கெய்லி என்று ஒரு பெரிய காட்டுக்கோழி, பைன் காட்டுப் பறவை. 2021-22 குளிர்காலக் கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்து முழுக்க 532தான். கோடைக் கடைசியில் எத்தனை குஞ்சு தேறியது என்று பார்க்க, உரிமம் பெற்றவர்கள் பாயின்டர் வகை நாய்களோடு போவார்கள். பறவையின் வாடை பட்டதும் நாய் ஒரு முன்காலைத் தூக்கியபடி உறைந்துவிடும், தொடாது. நான் உடன் போன அன்று அப்படி நின்ற நாயைத் தாண்டி ஆள் இரண்டடி வைத்ததும் புதருக்குள்ளிருந்து தாய்க்கோழி படபடவென்று கிளம்பியது, பின்னாலேயே இரண்டு குஞ்சுகள். எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு உடனே விலகிவிட்டோம். தரையில் கூடு கட்டும் பறவை என்பதால், வீட்டு நாயோடு அந்தக் காடுகளுக்குப் போகிறவர்கள் கயிற்றை அவிழ்க்கவே அவிழ்க்காதீர்கள். தயவுசெய்து.

நார்வேயிலிருந்து:

கோவில்பட்டித் தம்பிக்கு: தாராளமாகப் போகலாம். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி காடு யாருடையதாக இருந்தாலும் யாரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், காளான் எடுக்கலாம். நாய் இருந்தால் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை கயிறு கட்டாயம். எல்க் வேட்டை பெரும்பாலான இடங்களில் செப்டம்பர் 25-இல் தொடங்கும். அதற்குப் பிறகு போவதென்றால் ஆரஞ்சு நிற மேலாடை போட்டுக்கொள்ளுங்கள். நான் செப்டம்பர் முதல் பாதியைத்தான் சொல்வேன், லிங்கன்பெர்ரியும் பழுத்திருக்கும். ஒரே தொல்லை மான்பூச்சி. பறந்து வந்து தலையில் உட்கார்ந்ததும் இறக்கையை உதிர்த்துவிட்டு முடிக்குள் புகுந்துகொள்ளும். தட்டையான உடம்பு, நசுக்கினாலும் சாகாது. தொப்பி போடுங்கள், வெளிர் நிறச் சட்டை போட்டால் ஊர்வது கண்ணுக்குத் தெரியும், வீட்டுக்குள் நுழையும் முன் நாய்க்கும் உங்களுக்கும் ஒரு தடவை சீப்பு போட்டுவிடுங்கள்.