இரட்டைக்குழலில் துரு: ப்ளூயிங்கா, செராகோட்டா?

டோங்காட்காரன்:
தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி. லைசென்ஸ் என் பேருக்கு வந்தாச்சு. தோல் உறையிலிருந்து உருவினால், வலது குழலில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் ரேகை துருவாகவே பதிந்திருக்கிறது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்த இடத்தில் மூன்று பழுப்புப் புள்ளிகள். செராகோட் (பீங்கான் கலந்த பெயின்ட் மாதிரிப் பூச்சு) அடிக்கலாமா?

ஜோபர்க்வாசி:
எதுக்குண்ணே? சூட்டு ப்ளூயிங் போட்டுடுங்க, கொதிக்கிற உப்புக்கரைசல் தொட்டியில இறக்கினா இரும்பு மேல கருநீலப் படலம் பிடிச்சுக்கும். அப்பா ரைஃபிளுக்குப் போட்டு இருபது வருஷம், ஒரு பொட்டுத் துரு கிடையாது.

கடலோரத்தான்:
உங்க ஜோகன்னஸ்பர்க்ல குளிர்காலத்துல உதடே வெடிக்கும் தம்பி, இரும்பு எங்க துருப்பிடிக்கும்? இங்க டர்பன் கடற்கரை உப்புக்காத்து. அதோட, இரட்டைக்குழலை அந்தத் தொட்டியில இறக்கவே கூடாது. ரெண்டு குழலையும், நடுவுல ஓடுற ரிப்புங்கிற இரும்புப் பட்டையையும் பிடிச்சு வச்சிருக்கிறது ஈயப்பற்று.

ஜோபர்க்வாசி:
தொட்டியே 140 டிகிரி சுமார்தான். ஈயப்பற்று உருக 183 வேணும். கணக்குப் பார்த்துப் பேசுங்க.

கடலோரத்தான்:
உருகும்னு நான் எங்க சொன்னேன்? தொட்டியில கொதிக்கிறது காஸ்டிக் சோடா. அது பற்றை அரிச்சுடும். ரிப் இடுக்குல புகுந்த உப்பு எவ்வளவு கழுவினாலும் முழுசா வராது, அப்புறம் உள்ளேயிருந்து துரு கிளம்பும். இதுக்குன்னே பழைய முறை இருக்கு. குழல்ல வேணும்னே மெல்லிசாத் துருவேத்தி, கொதிதண்ணியில போட்டா சிவப்புத் துரு கறுப்பா மாறிடும். மேல நிக்கிற தூளை மெல்லிய இரும்பு நாரால தேய்ச்சுட்டு மறுபடி துருவேத்தணும். இப்படி ஆறேழு தடவை. பொறுமை இருக்கிற ஆளா பாருங்க.

உம்லங்கா மச்சான்:
எல்லாம் சரி, ப்ளூயிங் எதுவா இருந்தாலும் எண்ணெய் இல்லாம துருவைத் தடுக்காது. இடுப்புல வச்ச பிஸ்டல் வேர்வை பட்டே ஒரு வாரத்துல புள்ளி போட்டுச்சு. செராகோட் அடிச்சப்புறம் ஒண்ணுமில்ல. அடுப்புல 120 டிகிரி, ரெண்டு மணி நேரம். ஈயப்பற்றுக்கும் ஆபத்தில்ல.

கடலோரத்தான்:
பிஸ்டலுக்கு ஒத்துக்கறேன் மச்சான். ஆனா செராகோட் ஒட்ட முதல்ல மணல் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கணும். தாத்தா துப்பாக்கியில பூவேலை இருந்தா அதோட கூர் மழுங்கிடும்.

டோங்காட்காரன்:
இருக்கு. ரெண்டு பக்கமும் காடை பறக்கிற மாதிரி.

உம்லங்கா மச்சான்:
அப்போ வேண்டாம், விட்டுடுங்க. ஆனா தோல் உறைக்குள்ள போட்டுப் பூட்டாதீங்க. தோல் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், பதனிட்ட உப்பும் அதுலயே கிடக்கும்.

டோங்காட்காரன்:
தாத்தா தேங்காய் எண்ணெய்தான் தடவுவார். அதையே தடவலாமா?

கடலோரத்தான்:
ஐயோ வேண்டாம். நாளாக நாளாகப் பிசினாட்டம் ஒட்டும். துப்பாக்கி எண்ணெய் ரெண்டு சொட்டு துணியில விட்டு, தொட்ட கை ரேகை போற வரைக்கும் துடைங்க.

டோங்காட்காரன்:
பழைய முறைக்கே கொடுக்கிறேன். உறை வெயிலில் காய்கிறது. சந்தனத்தை இனி துப்பாக்கியின் மரப்பிடியில் வைக்கலாம் என்றேன். குழலுக்குத்தானே பூஜை என்கிறாள் அம்மா.