ராமலிங்க விலாசம்: படம் வரைகிற பையனைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

தங்கச்சிமடத்துக்காரி:
ஆறாம் வகுப்புப் படிக்கிற என் மகனுக்குக் கையில் பென்சில் இருந்தால் சோறு தண்ணி வேண்டாம். வள்ளம், நண்டு, வலை பின்னுகிற தாத்தா என்று நோட்டு நோட்டாக வரைந்து தள்ளுகிறான். எழும்பூர் மியூசியத்தில் ரவிவர்மா ஓவியங்கள் இருப்பதாக வாத்தியார் சொல்லிவிட்டார். அதிலிருந்து சென்னைக்குக் கூட்டிப்போ என்று ஒரே நச்சரிப்பு. இப்போது அவ்வளவு தூரம் தோதுப்படாது. ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசம் என்ற மண்டபத்தில் பழைய சுவர் ஓவியங்கள் இருக்கின்றனவாம், அதைக் காட்டலாமா என்று யோசிக்கிறேன். "நாலு வாள், ஒரு இருட்டு மண்டபம், பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவீர்கள்" என்கிறார் என் கொழுந்தனார். போனவர்கள் சொல்லுங்கள்.

சாந்துக்கரண்டி:
தங்கச்சி, நடந்துகொண்டே பார்த்தால் பத்து நிமிஷம் என்பது சரிதான். ஒரு சுவரின் முன்னால் நின்று பாருங்கள், மதியச் சாப்பாடு மறந்துபோகும்.

நான் தேவிபட்டினம் பக்கம் கொத்தனார். பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்க்கிறவன். அதனால் எனக்குப் படத்துக்கு முன்னால் சுவர்தான் கண்ணில் படும். சில இடங்களில் வண்ணம் உதிர்ந்திருக்கிறது. எல்லோரும் "ஐயோ, போச்சே" என்று அதைத் தாண்டிப் போவார்கள். பையனை அங்கேதான் முதலில் நிறுத்துங்கள். உதிர்ந்த ஓரத்தில் கீழே மணல் கலந்த முரட்டுப் பூச்சு, அதன்மேல் மெல்லிசாக வெள்ளைச் சுண்ணாம்பு, அதற்கும் மேலேதான் வண்ணம். காகிதம் இல்லாமல் படம் எப்படி நிற்கிறது என்று அவனே கண்டுபிடித்துவிடுவான். நம் உப்புக்காற்றில் புதிதாகக் கட்டின வீட்டுச் சுவரே சில வருஷத்தில் பூத்துக் கொட்டுகிறது. இது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராமநாதபுரத்தை ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் வரைந்தது.

பட்டை பட்டையாகப் பிரித்துக் கதை சொல்லியிருப்பார்கள். அடியில் தமிழிலேயே குறிப்பு எழுதியிருக்கும். பழைய எழுத்து, கொஞ்சம் தட்டுத்தடுமாறிப் படிக்கலாம். தசரதன் வேள்வி, ராமன் பிறப்பு என்று ராமாயணத்தின் பால காண்டம் ஓடும். அப்புறம் தஞ்சாவூர் மராட்டியரோடு நடந்த சண்டை. எனக்குப் பிடித்தது வேறு: மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர், உட்கார்ந்திருக்கும் சேதுபதியின் தலையில் ரத்தினங்களைக் கொட்டி அபிஷேகம் செய்கிற காட்சி. இன்னொன்றில் தொப்பியும் கோட்டுமாக வெள்ளைக்காரர்கள் அரசரைப் பார்க்க வந்திருப்பார்கள். டச்சுக்காரர்களுக்கு நம் கடலில் முத்தும் சங்கும் வேண்டியிருந்தது, சேதுபதியிடம் வராமல் வேறு எங்கே போவார்கள்?

பையனிடம் ஒரு வேலை கொடுங்கள். முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில், கண் பெரிதாக இருக்கும். ஒரே ஒரு முகத்தை, கோடு மட்டும், பார்த்து வரையச் சொல்லுங்கள். எழும்பூருக்குப் பிறகு போகட்டும். இங்கே நிழல் போடாமல் வெறும் கோட்டாலேயே ஆளை நிறுத்தியிருக்கிறார்கள், அது முதலில் கைக்கு வரட்டும்.

கீழக்கரைக்காரன்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. இந்த மண்டபம் கட்டினதில் எங்கள் ஊர் வள்ளல் சீதக்காதிக்குப் பங்கு உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர் முந்தைய அரசர் கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். படத்தில் ஆர்வமில்லாத பிள்ளைகளும் கூட வந்தால் அங்கே வைத்திருக்கும் வளரியை, அதாவது வீசி எறிகிற வளைந்த ஆயுதத்தைக் காட்டுங்கள், வாய் மூடமாட்டார்கள். என் தங்கச்சி மகன் வீட்டுக்கு வந்ததும் அட்டையை வெட்டி வீசிப்பார்த்து டியூப் லைட்டை உடைத்தது தனிக்கதை.

பரமக்குடி வாசகன்:
நான் கொழுந்தனார் கட்சி. படங்கள் மங்கிக்கிடக்கின்றன, விவரம் சொல்ல ஆள் இருந்தால்தான் புரியும். சின்னப் பையன் சலித்துப்போவான். இன்னொன்று, மாடி அறையில் அரசரின் அந்தப்புர வாழ்க்கையை வரைந்திருக்கிறார்கள். யோசித்துக் கூட்டிப் போங்கள்.

சாந்துக்கரண்டி:
தம்பி, மங்கல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெயிலில் இருந்து நேராக உள்ளே போனால் யாருக்கும் எதுவும் தெரியாது. கண் பழகும்வரை கொஞ்ச நேரம் உட்காருங்கள், நிறம் தானாக எழும்பி வரும். முதலில் செங்காவி, அப்புறம் மற்றது. அந்தப்புரப் படத்தைப் பார்த்துப் பிள்ளை கெட்டுப்போகாது, கோயில் தூணில் இல்லாததா? கையில் போனைக் கொடுத்துவிட்டு இதற்குப் பயப்படுகிறோம்.

தங்கச்சிமடத்துக்காரி:
ரொம்ப நன்றி அண்ணே. உள்ளே உட்கார்ந்து வரைய விடுவார்களா? வண்ணப்பெட்டி கொண்டுபோகலாமா?

சாந்துக்கரண்டி:
வண்ணப்பெட்டி வேண்டாம். தண்ணி சிந்தினால் வம்பு. பென்சில், ரப்பர், ஒரு பரீட்சை அட்டை போதும். டிக்கெட் வாங்கும்போதே "பையன் வரையப்போகிறான்" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், போட்டோ எடுப்பதானால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். முதுகுப் பை இருந்தால் கழற்றி முன்னால் மாட்டச் சொல்லுங்கள். திரும்பும்போது சுவரில் உரசினால் காவி அப்படியே பையோடு வந்துவிடும். காலையிலேயே கிளம்புங்கள். ராமநாதபுரத்தில் இறங்கி ஆட்டோவில் "அரண்மனை" என்றால் போதும்.