பக்கவாதத்துக்குப் பிறகு தோள்வலி: சட்டை போடுறதே பெரும்பாடு

கேள்வி (ஜெயநகர், பெங்களூரு):
அப்பாவுக்கு இடப்பக்கம் வாதம் அடிச்சு மூணு மாசம். கையைத் தூக்கினாலே தோள்ல உயிர் போகுதுங்கிறார். வெந்நீர்ப் பை வைக்கலாமா?

பதில் 1:
அந்தக் கையைப் பிடிச்சு இழுத்து எழுப்புறீங்களா? முதல்ல அதை நிறுத்துங்க. தசை தளர்ந்ததும் கை எலும்பு மூட்டிலிருந்து கீழே இறங்கும். தோள் நுனிக்குக் கீழே விரல் வெச்சா பள்ளம் தட்டுப்படும். அக்குளில் கை கொடுத்தும் தூக்கக்கூடாது, இடுப்பைப் பிடிங்க. உட்காரும்போது மடியில தலையணை, அதுமேல முழங்கை முதல் விரல் வரை. கப்பிக்கயிறு பயிற்சி (மேலே கப்பியில மாட்டின கயிறை இழுத்து கையைத் தூக்குறது) வேண்டவே வேண்டாம், தோளைக் கெடுக்கும்.
சட்டை முன்னாடி பட்டன் வெச்சது, ஒரு சைஸ் பெருசா வாங்குங்க. போடும்போது இடது கை முதல்ல, கழட்டும்போது கடைசியில.

பதில் 2:
வெந்நீர்ப் பை ஜாக்கிரதை. உணர்ச்சி மங்கின பக்கம் தோல் வெந்தாலும் தெரியாது. குளிக்கிற தண்ணியையும் வலது கையால தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

கேட்டவர்:
நன்றிங்க. தூளி மாதிரி கழுத்துல மாட்டுற பட்டை?

பதில் 1:
நிக்கும்போது, நடக்கும்போது மட்டும். நாள் முழுக்க மாட்டினா முழங்கை மடங்கியே இறுகிடும்.

பதில் 3:
போர்வை பட்டாலே எரியுதுன்னா அது வெறும் மூட்டு வலி இல்லாம, மூளையிலிருந்து வர்ற நரம்பு வலியா இருக்கலாம். அதுக்கு பாராசிட்டமால் பெரும்பாலும் கேட்காது; மருந்தே வேற. ஹொசூர் ரோடு நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவமனை)ல நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவு இருக்கு, காட்டுங்க.